பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாத குன்று

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அத்தனை வருஷம் உயரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்தே இருந்த மனிதருக்குத் தரைக்கு வந்ததும் கால் தரிக்கவில்லை. சமையலறையிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து சமையலறைக்கு. பாசாருக்குப் போனால் வேண்டுமென்றே வெங்காயத்தை மறந்துவிட்டு வருவார். அதை வாங்கும் சாக்கில் இன்னொரு நடை. பார்க்கிற எனக்குத் தலை சுற்றும்.

இந்த லட்சணத்தில் பிரிக்பீல்ட்ஸில் கோயிலுக்கு வரும் ஆட்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் போகிறார்கள் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். அவருக்கு இனிப்பு நீர். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு நடை நல்லது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். போதாதா? காலுக்குப் புதுச் சப்பாத்து, தொப்பி, இடுப்பில் கட்டும் பை என்று ஐயா கிளம்பிவிட்டார். மூட்டு வலிக்காரியான நானும் கூடவே கிளம்பினேன். மேலே ஏற மாட்டேன். அடிவாரத்தில் சதுப்புக்காட்டை ஒட்டிய பலகைப் பாதையில் நாலு நடை நடந்துவிட்டு, பூங்கா வாசலில் இருக்கும் கொட்டகையில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இருந்தால் மட்டும் என்ன, இருப்புக் கொள்ளவா போகிறது?

அந்த ஞாயிறு போனது பந்திங் பக்கம், கடலோரத்தில் இருக்கும் ஒரு குன்றுக்கு. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே திடீரென்று எழுந்து நிற்கும் காடு. உச்சிக்கு இரண்டு தடங்கள். ஒன்று அகலமான செம்மண் பாதை, குழந்தைகளும் ஏறிவிடலாம். இன்னொன்று கடல் பக்கமாக, மூங்கில் புதர்களுக்குள் நுழைந்து போகும். வேர்களில் கால் வைத்துத்தான் இறங்க வேண்டும். மரங்களில் பூசிய மஞ்சள் பெயின்டைப் பார்த்துக்கொண்டே போகாவிட்டால் வழி தவறிவிடும் என்று வாசல் காவலாளி எல்லாரிடமும் சொல்வார்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் மலை, பிறகுதான் பசியாறுவது. இறங்கி வந்து கடையில் எல்லாரும் ஒன்றாக நாசி லெமாக் சாப்பிடுவதற்காகவே பாதிப் பேர் ஏறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். என் வீட்டுக்காரரும் காலையில் இனிப்பு நீர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு கோப்பிக்கோசோங் மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தார். சீனி போடாத கோப்பி. ரொட்டியாவது தின்னுங்கள் என்றேன். கேட்டால்தானே. வேர்க்கிறது என்று இடுப்புப் பையையும் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, விறுவிறுவென்று ஏறிவிட்டார்.

குழு இறங்கி வந்தது. அவர் வரவில்லை.

குழுவுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் என்னைப் பார்த்ததும் முழித்தார். உச்சியில் நின்று கப்பல்களைப் பார்த்தாராம் என் வீட்டுக்காரர். மரங்கள் மறைக்கின்றன, கடல் பக்கத் தடத்தில் இறங்கினால் துறைமுகம் நன்றாகத் தெரியும், நீங்கள் போங்கள், நான் பின்னாலேயே வருகிறேன் என்றாராம். அந்த வழியாக எங்களுக்கு முன்பே வந்திருப்பார் என்று நினைத்தோம் அக்கா என்றார்.

முதலில் கோபம்தான் வந்தது. வாழ்நாளெல்லாம் பார்த்த கப்பலை இன்னும் என்ன பார்க்க வேண்டிக் கிடக்கிறது? பிறகு பையைத் திறந்தேன். உள்ளே அவருடைய கைப்பேசி. அடையாள அட்டை, அதான் ஐசி. சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள நான் வாங்கி வைத்த மிட்டாய்கள், பிரிக்காமலே. மாத்திரை போட்ட வெறும் வயிறு, இவ்வளவு நேர நடை. ஒருமுறை வீட்டில் இப்படிச் சர்க்கரை இறங்கியபோது என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டவர் அவர். கடல் பக்கம் வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

காவலாளி மலாய்க்காரர், நல்ல மனிதர். காணாமல் போனவர் பெயர் என்ன என்று கேட்டார். நான் ஐசியை எடுத்து நீட்டினேன். கிளினிக்கிலும் பேங்க்கிலும்கூட அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். எந்தக் காலத்தில் இருக்கிறாய் என்று என் மகள் கிண்டல் செய்வாள். எனக்கு அவர் 'ஏங்க'.

காவலாளி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, தடம் போய் முடியும் கடற்கரைப் பக்க வாசலில் தேடப் போனார். நாங்கள் மேலே ஏறினோம். நானும்தான். மூட்டாவது மண்ணாவது.

மூங்கில் தடத்தில் ஆட்கள் பிரிந்து போய்க் கூப்பிட ஆரம்பித்தார்கள். "அண்ணே!" என்று ஒருவர் கத்தினால், "ஓய்!" என்று நாலு பக்கமிருந்தும் பதில் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் எங்கள் ஆட்களே. எல்லாருமே எல்லாருக்கும் அண்ணன். இன்னொருவர் "பாஸ்!" என்றார். வேர்க்க விறுவிறுக்க எதிரே வந்த சீனப் பையன் ஒருவன் நின்று, என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனான். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன என்று நான் எரிந்து விழுந்தேன். ரயில்வேக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வேணாம் அக்கா. காட்டுக்குள்ள பேரச் சொல்லக் கூடாது. சொன்னா வேற ஏதாவது அதக் கேட்டுட்டு, நம்ம குரல்லயே கூப்பிடும்."

எனக்குத் தெரியாததா? நானும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். காட்டுக்குள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பதில் கொடுக்காதே, திரும்பியும் பார்க்காதே என்று சொல்லித்தான் எங்களையெல்லாம் விறகு பொறுக்க அனுப்புவார்கள். இங்கே மலாய்க்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். அதனால் 'ஏங்க' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கேட்டால் போதும் என்று பழகிய குரல். பத்தடிக்கு அப்பால் அது எனக்கே கேட்கவில்லை.

கடலுக்கு மேலே இடி இடித்தது. மழை வந்துவிட்டால் மரத்தில் இருக்கும் பெயின்டும் தெரியாது, கூப்பிடுவதும் கேட்காது. எங்கேயோ மயங்கிக் கிடக்கிறார், நான் இங்கே சம்பிரதாயம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எந்தப் பேய் வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டு போகட்டும் என்று வாயைத் திறந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். யாரோ வேறு பொம்பளை கத்துகிற மாதிரி இருந்தது. ரயில்வேக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்கிற மாதிரி, தொண்டை கிழிய அந்தப் பெயரையே கூப்பிட்டுக்கொண்டு நடந்தேன்.

பதிலே இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. நான் ஒரு வேரில் வழுக்கி அப்படியே சேற்றில் உட்கார்ந்தேன். அழுகை வர வேண்டிய இடம். எனக்கு வந்தது ஆத்திரம்.

"நீங்கள்லாம் ஒரு மனுசனா? மாத்திரையப் போட்டுட்டுப் பசியாறாம வராதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? நான் சொல்லி என்னைக்குக் கேட்டீங்க? கப்பல் பாக்கணுமாம் கப்பல்! வீட்டுக்கு வாங்க, அந்தச் சப்பாத்த அடுப்புல வைக்கலைன்னா என்னான்னு கேளுங்க!"

தடத்துக்குக் கீழே, மூங்கில் மறைவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இங்கதான் இருக்கேன்."

கூப்பிடு தூரம்கூட இல்லை. ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்து, கைகள் வெடவெடவென்று நடுங்கின. சட்டை மழையில் நனைந்ததா வேர்வையில் நனைந்ததா தெரியவில்லை. மிட்டாயை உரித்து வாயில் திணித்தேன். ஒன்று, இன்னொன்று. ரயில்வேக்காரர் யாரிடமோ இருந்த மைலோ பொட்டலத்தில் குழாயைக் குத்தி உறிஞ்ச வைத்தார். நடுக்கம் குறைந்து, கண் என்னைச் சரியாகப் பார்க்கும்வரை நான் அவர் கையை விடவில்லை.

பிறகுதான் கேட்டேன், இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கத்தியது காதில் விழவில்லையா என்று. விழுந்தது என்றார்.

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

மைலோவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"உன் கொரல்ல என் பேரு வருது. நீ என்னைக்கு என் பேரச் சொல்லியிருக்க? இது நீ இல்லன்னு நெனச்சேன். கீழ உனக்கு என்னமோ ஆயிடுச்சு, நீ போயிட்ட, அதான் ஏதோ ஒன்னு உன் கொரல எடுத்துக்கிட்டு வருதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எந்திரிக்கணும்னே தோணல. நீ திட்டுனப்புறந்தான் உசுரோட இருக்கன்னு தெரிஞ்சுது."

ஒரு வார்த்தையும் பேசாமல் அவரைத் தூக்கி நிறுத்தி, அவர் கையை என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்று, பயந்த முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். சட்டென்று திட்ட ஆரம்பித்தேன். கொட்டும் மழையில், மலை முழுக்க இறங்கி முடியும்வரை நிறுத்தவே இல்லை.