பனியன் துணியை விடாத குட்டி

செருப்பைக் கடித்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். நாற்காலிக் காலைக் கடித்திருந்தால்கூட நாலு திட்டு திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு அதெல்லாம் ஆகாது. அதற்கு வேண்டியது பனியன் துணி. பனியன் கம்பெனிகள் நிறைந்த எங்கள் ஊர் நெருப்பெரிச்சலில் பனியன் துணி இல்லாத வீட்டுக்கு நான் எங்கே போவது? தரை துடைப்பது அதில், சூடான பாத்திரம் இறக்குவது அதில், தலையணைக்குள் அடைத்திருப்பதும் அதுதான். என் ஐந்து மாதக் குழந்தையின் இடுப்புத் துணியும் அதுதான்.

குட்டியைக் கொண்டுவந்தவர் என் கணவர். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கம்பெனி கேட் ஓரம் கிடந்ததாம், பாவமாக இருந்ததாம். கைக்குழந்தையோடு நான் ஒண்டியாக அல்லாடுவதைப் பார்த்து வராத பாவம், நாயைப் பார்த்ததும் வந்துவிட்டது! வந்த மறுநாளே என் நைட்டியின் ஓரத்தைக் கிழித்தது. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன், நக்கிவிட்டுக் கடித்தது. மிளகாய்த்தூளைக் கரைத்துத் தெளித்தேன். அது தும்மியது, நானும் தும்மினேன், குழந்தையும் தும்மியது. பக்கத்து வீட்டில் சொன்னார்களென்று பேப்பரைச் சுருட்டித் தரையில் தட்டி மிரட்டினேன். அது விளையாட்டென்று நினைத்து வாலை ஆட்டியது.

இவர் என்ன செய்தார் தெரியுமா? "பல்லு மொளைக்குதல்ல புள்ள, ஊறும், பாவம்" என்று சொல்லிக்கொண்டு, சாயங்காலமானால் பையிலிருந்து கட்டிங் வேஸ்ட்டை உருவுவார். துணி வெட்டும்போது மிஞ்சுகிற நீளத் துண்டுகள். அதில் முடிச்சுப் போட்டு அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டுவார். குட்டி ஒரு முனையைக் கவ்வும், இவர் மறுமுனையை இழுப்பார். அது உர்ரென்று உறுமி, பின்னங்காலை ஊன்றி, தலையை உதறி உதறி இழுக்கும். ஹாலில் ஒரே கும்மாளம்.

ஒரு வியாழக்கிழமை காலை குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். சேலைத் தொட்டில். உறுத்தாமல் இருக்க உள்ளே ஒரு பனியன் துணியை விரித்திருந்தேன். அதன் முனை வெளியே தொங்கியதை நான் கவனிக்கவில்லை. பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலிலிருந்து அந்த உர்ர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குட்டி துணி முனையைக் கவ்விக்கொண்டு, சாயங்காலம் இழுப்பதைப் போலவே இழுத்துக்கொண்டிருந்தது. துணியோடு குழந்தையும் நகர்ந்து தொட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டது. தலையும் ஒரு கையும் வெளியே தொங்கின.

ஓடிப் போய்ப் பிடித்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அழக்கூட இல்லை. அழுதது நான்தான். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டே விளக்குமாற்றை எடுத்து அந்த நாயை அடித்தேன். அடுப்பில் பருப்பு தீய்கிற வாசனை வந்தது. தீயட்டும் என்று அடித்தேன். அது கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிய பிறகும் ஆத்திரம் தீராமல் கட்டிலை அடித்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஏனுங்க, இந்த ஊட்ல ஒண்ணு அது இருக்கோணும், இல்லாட்டி நானும் புள்ளையும் இருக்கோணும். எதுன்னு இப்பவே சொல்லிப்போடுங்க."

நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. குழந்தையை வாங்கித் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஞாயித்துக்கெழம தாராபுரத்துல எங்கக்கா தோட்டத்துல கொண்டுபோயி உட்டுர்றேன்" என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா வாயில்லாச் சீவன் அது. அதுக்கு என்ன புள்ள தெரியும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அதுக்குத் தெரியாதுங்க, உங்களுக்குத் தெரியோணுமல்ல? தெனமும் துணியக் குடுத்து இழுக்கப் பழக்கியுட்டது ஆருங்க?"

"நானா பழக்குனேன்? சும்மா வெளையாட்டுக்கு..."

"இருங்க, காட்டறேன்."

போனை எடுத்தேன். இவரும் குட்டியும் இழுத்து விளையாடுவதை ஒரு நாள் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார், இனி எங்கே தப்பிப்பார் என்ற வேகத்தில் சத்தத்தை முழுசாக ஏற்றி அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன்.

வீடியோவில் அவர் வாயே திறக்கவில்லை. பேசியதெல்லாம் நான். "இழு கண்ணு, இழு! உடாத! அப்பிடித்தான் என்ற தங்கம், இன்னும் நல்லா இழு!" இடையிடையே என் சிரிப்பு.

கட்டிலுக்கு அடியில் ஏதோ அசைந்தது. காலையிலிருந்து வெளியே தலைகாட்டாத குட்டி, அந்தக் குரலைக் கேட்டதும் வந்தது. ஒரு காலை நொண்டியது. நேராக என்னிடம் வந்து, என் நைட்டியின் ஓரத்தைக் கவ்வி, நொண்டிக் காலையும் ஊன்றி இழுத்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். என் மேலேயே வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியாமல், நைட்டியை இழுக்கவிட்டு அப்படியே நின்றேன். நான் அசையாமல் நின்றதும் அதற்குச் சலித்துவிட்டது. துணியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்துக்கு யாரும் போகவில்லை. வீட்டிலிருந்த வேஸ்ட் துணியையெல்லாம் மூட்டை கட்டி வெளியே போட்டேன். கடிக்க, பிரிட்ஜில் வைத்த கேரட் கொடுத்தேன். துணியைக் கவ்வினால் இழுப்பதில்லை, கத்துவதில்லை; அசையாமல் நின்று "விடு" என்று சொல்லி ரஸ்க் துண்டைக் காட்டுவேன். விட்டால் ரஸ்க். தொட்டிலில் குழந்தை இருக்கும் நேரமெல்லாம் அதை வாசலில் கட்டினேன். கால் ஒரு வாரத்தில் சரியானது. துணியை மறக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. இவர் மட்டும் பழக்க தோஷத்தில் இன்னும் பையில் வேஸ்ட் துணியோடு வந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை. இவர் மேல் கோபம் தலைக்கேறுகிற நாட்களில் எடுத்துப் பார்ப்பேன். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பது. என் குரல் கேட்டால் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்துவிடும்.