லாப்டொப் ஊமையான ஞாயிற்றுக்கிழமை

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் நிறைய வரும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த 'ர' போடுவது என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. வாசிப்பவர்கள் பொறுத்து, திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளவத்தையில் ஒரு சைவக் கடையின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். முன்னால் நின்று ஆட்களைக் கவனிக்கிற வேலையை முதலாளி இரண்டு முறை தந்து பார்த்தார். இரண்டு முறையும் அடுத்த நாளே நான் தோசைக் கல்லடிக்குத் திரும்பிவிட்டேன். புது ஆட்களைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது.

மகளுக்குக் கலியாணம் பேசியபோதுதான் இந்தக் குணம் வினையாக வந்தது. பையன் மகளோடு ஒரே டியூசன் வகுப்பில் படித்தவன். பிறகு தாய் தகப்பனோடு கனடாவுக்குப் போய்விட்டான். இரண்டு பேருக்கும் விருப்பம் என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் பெரியவர்கள் முறையாகக் கதைத்து முடிக்க வேண்டும் என்று, தெஹிவளையில் இருக்கும் என் மனைவியின் அக்கா நடுவில் நின்றார். ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு வீடும் வீடியோவில் சந்திப்பது என்று முடிவானது.

மகளின் லாப்டொப்பைத் தையல் மெசினின் மேல் வைத்து, முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மனைவி பட்டுச் சேலை. நான் இஸ்திரி போட்ட சேட்டு. திரையில் பையனும் தாயும் தகப்பனும் தெரிந்தார்கள். அவர்கள் கதைப்பது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. நாங்கள் கதைப்பது அவர்களுக்குக் கேட்கவில்லை. பையனின் தாய் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். மகள் எதையெல்லாமோ அமத்திப் பார்த்தாள். மனைவி திரைக்குக் கிட்டப் போய் உரத்துக் கதைத்தாள்.

"அம்மா, நீங்கள் கத்தினா கனடாவுக்குக் கேக்காது."

"பின்ன என்ன, அவை பாத்துக்கொண்டிருக்க நான் பேசாமல் இருக்கிறதே?"

கடைசியில் மகள் தன் போனில் அவர்களை எடுத்தாள். அந்தப் போனின் முன் கமரா உடைந்து ஒரு வருடம், குரல் மட்டும்தான் போகும். அதிலே மனைவி ஊர், உறவு, குளிர், சாப்பாடு என்று கால் மணித்தியாலம் கதைத்தாள். பிறகு, "நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்" என்று போனை என் கையில் தந்தாள். நான் லாப்டொப்பைக் காட்டி, அது பழுது என்று கையால் சைகை செய்து, சிரித்துவிட்டு, போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த லாப்டொப் எனக்காகவே ஊமையானது என்று அப்போது சந்தோசப்பட்டேன்.

மூன்றாம் நாள் மனைவியின் அக்கா நேரே வீட்டுக்கு வந்தார். வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"தம்பி, உமக்கு இந்தச் சம்பந்தத்தில விருப்பமில்லையோ?"

"ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை மச்சாள்."

"பெடியன்ர தாய் கேக்கிறா. பொம்பிளையின்ர தகப்பன் ஒரு சொல்லும் சொல்லேல்லை, மனசில்லாத இடத்தில நாங்கள் ஏன் வலியப் போவான் எண்டு."

"லாப்டொப்பில சத்தம் வேலை செய்யேல்லை."

"போன் வேலை செய்ததுதானே?"

நான் தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தினேன். மகள் எழுந்து குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, கழுவி வைத்திருந்த கோப்பைகளையே மறுபடியும் கழுவினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"வாற ஞாயிறு திருப்பி எடுப்பம்" என்றார் மனைவியின் அக்கா. "அவேன்ர முகத்தைப் பாத்து, உம்மட வாயால ஓம் எண்டு சொல்லவேணும். இல்லாட்டி இதோட முடிஞ்சுது."

அன்று பின்னேரம் மகள் லாப்டொப்பை மடியில் வைத்து மினைக்கெட்டாள். மைக்கை யாராவது நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பார்த்தாள். சத்தத்தின் அளவைக் கூட்டினாள். முழுவதும் நிறுத்தித் திரும்பப் போட்டாள். குரலைப் பதிகிற இடத்தைத் திறந்து, "அப்பா, ஏதும் சொல்லுங்கோ" என்றாள். நான் இருமினேன். திரையில் கோடு அசையவில்லை. அடுத்த வீட்டிலிருந்து வயரோடு காதில் மாட்டுகிற மைக் ஒன்று வாங்கி வரலாம் என்றேன்.

"சம்பந்தி வீட்டாரோட கதைக்கேக்க காதில வயரைக் கொழுவிக்கொண்டு இருக்கப் போறியளோ?" என்றாள் மனைவி. "கிரிக்கெட் மச் சொல்லுற ஆள் மாதிரி?"

அடுத்த நாள் கடையில் அரை நாள் லீவு கேட்டு, லாப்டொப்பைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, காலி வீதியில் மாடியில் இருக்கும் ஒரு திருத்துகிற கடைக்குப் போனேன். அங்கே இருந்தவர் என் வயதுச் சிங்களவர். முதலில் ஒரு வெளி மைக்கைச் செருகிக் கதைத்துப் பார்த்தார். கோடு துள்ளியது. கழற்றிவிட்டுக் கதைத்தார். கோடு படுத்துவிட்டது. உள்ளே இருக்கிற மைக்கில்தான் பிழை என்றார். பிறகு மூடியைத் திருப்பி, கமராவுக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் இருந்த இரண்டு ஓட்டைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அய்யே, மே சந்துன் நேத?" என்றார். இது சந்தனம் அல்லவா என்று கேட்கிறார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு லாப்டொப்பையும் வைத்து, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தவன் நான்தான். கமராவை மறைக்கக்கூடாது என்று நினைத்து, கவனமாக அதற்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த இடத்தில்தான் அதற்குக் காது இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அடுத்த நாள் மகள் துணியால் அழுத்தித் துடைத்தபோது சந்தனம் முழுவதும் ஓட்டைக்குள் போயிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஞாயிறு வரைக்கும் அதில் கதைக்கிற தேவை யாருக்கும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். தன் அம்மா மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலில், விகாரையில் காவலுக்கு ஓதித் தந்த பிரித் நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, பிரேக்கைப் பிடிக்க முடியாமல் தான் வேலிக்குள் போனதைச் சொன்னார். ஊசியால் குத்தினால் மைக் செத்துவிடுமாம். மெல்லிய பிரசில் துளி மருந்து தொட்டு, கண்ணுக்கு மை தீட்டுவது போலத் துடைத்து எடுத்தார்.

ஏதாவது சொல்லுங்கள் என்று லாப்டொப்பை என் பக்கம் திருப்பினார். எனக்கு ஒன்றும் வரவில்லை. நாள் முழுக்கக் காதில் விழுவதைச் சொன்னேன்: "ரெண்டு இட்லி, ஒரு உளுந்து வடை, சட்னி கூட."

அவர் அதைத் திருப்பிப் போட்டார். யாரோ ஒரு நிதானமான மனிசன் பசியோடு உட்கார்ந்து சொல்வது போல இருந்தது. என் குரலை நான் வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. பயந்த ஆளின் குரலாக அது இல்லை. இன்னொருக்கால் போடச் சொன்னேன். போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுபடி தையல் மெசின், பட்டுச் சேலை, இஸ்திரி போட்ட சேட்டு. இந்த முறை எங்கள் குரல் போனது. ஆனால் பையனின் தாயின் முகம் இறுகியிருந்தது. அவர் வாய் திறக்கும்போது கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று இரைந்துகொண்டு போனது.

"அது என்ன சத்தம்?" என்றார்.

"ரயில்" என்றேன் நான். "பாணந்துறைக்குப் போறது. இப்ப போயிடும்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரயில் போய் முடியும் வரை எல்லோரும் காத்திருந்தோம். மனைவி தொடங்குவதற்கு முன் நானே தொடங்கினேன்.

"எனக்கு ஆக்களோட கதைக்கத் தெரியாது. போன முறை லாப்டொப் பழுது எண்டது உண்மை. ஆனா போன் பழுதில்லை. நான்தான் பயத்தில திருப்பிக் குடுத்தனான். குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு உங்கட மகனை விருப்பம். எனக்கும் விருப்பம். ஓம்."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. மறுபடி மைக் அடைத்துவிட்டதோ என்று நினைத்தேன். அதுவரை பேசாமல் இருந்த பையனின் தகப்பன் முன்னுக்குச் சாய்ந்தார்.

"அது சரி அண்ணை, லாப்டொப்புக்கு என்ன நடந்தது?"

சந்தனக் கதையைச் சொன்னேன். அவர் இருமல் வரும் வரை சிரித்தார்.

"நீங்கள் சிரிக்காதேங்கோ" என்றார் பையனின் தாய் அவரைப் பார்த்து. "கார்க் கண்ணாடி முழுக்கத் திருநீறு பூசிப்போட்டு, பொலிஸ் மறிக்க நிண்டு முழிச்சது ஆர்?" பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகம் இளகியிருந்தது. "சரி அண்ணை. இனி நல்ல நாளைப் பாருங்கோ. நாங்கள் வாறம்."

மகள் லாப்டொப்பை மூடவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு, பையனோடு கதைக்கத் தன் அறைக்குப் போனாள். போகும்போது என் தோளில் ஒரு கணம் கையை வைத்தாள்.

சொன்னபடி அவர்கள் வந்தார்கள். நேற்று பதிவாளர் வந்து, எங்கள் வீட்டில் கலியாண எழுத்து நடந்தது. சிறிய வீட்டுக்குள் நாற்பது பேர். நான் படி வாசலில் நின்று எல்லோரையும் "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிட்டேன். சிலரை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன் என்று மனைவி சொல்கிறாள்.

இதை எழுதி முடித்தது மாசி மாதம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை.