இளநீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன்

பழவேற்காட்டில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர் என் கணவர். தொப்பையைக் குறைக்க ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே, நண்பர்களோடு போட்டி போட்டு இருநூறு முறை உட்கார்ந்து எழுந்துவிட்டு வந்தார்.

மறுநாள் தொடை வீங்கி, நடக்க முடியவில்லை. மாத்திரை எதற்கு, தசை வலிக்கு இயற்கை உணவே போதும் என்று இளநீரும் வாழைப்பழமும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் கழிவறையிலிருந்து கத்தினார்.

"இன்னாமே இது, ஒண்ணுக்கு டிகாஷன் மாதிரி போவுது?"

"உடம்புச் சூடா இருக்கும்" என்று சொல்லி, இன்னொரு இளநீர் கொடுத்தேன். மாலைக்குள் சிறுநீரே நின்றுவிட்டது. பயந்துபோய் ஆட்டோ பிடித்துப் பொன்னேரி மருத்துவமனைக்கு ஓடினோம்.

நான் கொடுத்ததையெல்லாம் கேட்ட டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தசை சிதைஞ்சு கிட்னியைக் கெடுத்திருக்கும்மா. இப்பப் போய் இளநீரும் வாழைப்பழமும் குடுத்தா, அதுல இருக்கிற பொட்டாசியம் வெளியே போக முடியாம இதயமே நின்னுடலாம்."

சென்னைக்கு அனுப்பினார்கள். டயாலிசிஸ் செய்தார்கள். அளந்து கொடுத்த தண்ணீருக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்றார் நர்ஸ்.

"தாகமா கீதுமே, ஒரே ஒரு வாய் குடு" என்று அவர் கெஞ்சினார். கேட்காமலே ஊற்றிக் கொடுத்த நான், அவர் கேட்டும் கொடுக்க முடியாமல் அழுதேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

பத்து நாளில் சிறுநீர் பிரிந்தது, பிழைத்தார். இப்போது எங்கள் ஊர் டச்சுக் கல்லறை வரை மெதுவாக நடக்கிறார். அவர் திரும்பி வந்ததும், வீட்டில் யார் இருந்தாலும் முதலில் சிறுநீரின் நிறத்தைக் கேட்கிறேன். அவருக்கு வெட்கம். எனக்கு இல்லை.