தூது போகப் பிறந்த மச்சான்

போன திருநாள் பூசையில் எங்கள் வேதக்கோயிலின் புதுச் சுவாமி பிரசங்கத்தில் ஒரு கதை சொன்னார். பழைய காலத்து இங்கிலாந்தில், பிறநாட்டுக்குத் தூது அனுப்ப ஆள் வேண்டுமென்றால் ராசா தன் தளபதியைத் தேடமாட்டாராம். கோயில் ஆளைத்தான் பிடிப்பாராம். சண்டையை நிறுத்தவும் அவர்தான், ராசகுமாரிக்கு மாப்பிள்ளை பேசவும் அவர்தான், பாப்பரசரைச் சமாதானப்படுத்தவும் அவர்தான். காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பினால் மேற்றிராணியார் என்ற ஆயர் பட்டம் கிடைக்குமாம். சொல்லிவிட்டுச் சுவாமி சிரித்தார். "எங்கடை கோயிலிலையும் அப்பிடி ஒருத்தர் இருக்கிறார். பட்டம்தான் குடுக்க ஏலாமல் கிடக்கு" என்றார். கோயிலே திரும்பி என் மச்சானைப் பார்த்தது. நானும் பார்த்தேன். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மச்சான் என்றால் என் தங்கை யசிந்தாவின் புருஷன். பெயர் செபநாயகம். எங்கள் கோயில் உபதேசியார். சுவாமி இல்லாத நாளில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிப்பது, செத்த வீட்டில் முன்னுக்கு நின்று பாடுவது எல்லாம் அவர் பொறுப்பு. குருநகருக்குக் கிழக்கே கடலோடு ஒட்டிக் கிடக்கிற எங்கள் சின்ன ஊரில் அது பெரிய பதவி. நியாயப்படி அது எனக்கு வந்திருக்க வேண்டும். தபசுகாலத்தில் நான் பாட்டெடுத்தால் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். மச்சான் பாடினால் தகரத்தில் ஆணியால் கீறினதுபோல இருக்கும். ஆனால் அந்த நாளில் இருந்த கிழட்டுச் சுவாமி என்னைக் கூப்பிட்டு, "மரியரட்ணம், நீ நல்லாப் பாடுறாய். அவன் நல்லாக் கேக்கிறான்" என்று சொல்லிவிட்டு அவரை எடுத்தார். கேட்பதும் ஒரு தகைமையா? காது எனக்கும் ரெண்டுதானே இருக்கிறது!

அன்று தொடங்கியது அவருடைய ஏற்றம். திருநாள் ஊர்வலத்தில் சொரூபக் கூட்டின் முன்பக்கத்தை யார் தூக்குவது என்று இரண்டு குடும்பம் அடிபட்டது. மச்சான் போனார், தீர்ந்தது. யுத்த காலத்தில் கடலுக்கு இறங்க அனுமதி கேட்டு முகாமுக்குப் போகவேண்டி வந்தது. மச்சானைத்தான் அனுப்பினார்கள். ஆயர் இல்லத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நெல்லுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன், கரவெட்டியில் ஒரு வயல் வரம்புச் சண்டையைக்கூடத் தீர்த்துவிட்டு வந்தார். உடுவிலில் ஒரு ரீச்சருக்கும் எங்கள் ஊர்ப் பெடியனுக்கும் காதல். அது சைவம், இது கிறிஸ்தவ வேதம். இரண்டு பக்கமும் கத்தி தூக்காத குறை. மச்சான் போய்ப் போய் வந்தார். கடைசியில் இரண்டு தாய்மாரும் ஒன்றாகப் போய்ச் சீலை எடுத்தார்கள்.

ஆள் போய்ப் பெரிதாக ஒன்றும் பேசுவதும் இல்லை, அதுதான் எனக்கு விளங்காத வேலை. உட்காருவார். மாடு கன்று போட்டதா என்று கேட்பார். முற்றத்து மல்லிகையைப் பார்த்து "நல்ல வடிவாப் பூத்திருக்கு" என்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் வாயை மூடியே பிழைத்தார். என் வீட்டுப் படலையில் நின்று "உபதேசியார் எங்கை?" என்று என்னிடமே கேட்கிற ஆட்கள் எத்தனை பேர்! நான் என்ன அவருக்கு வாசல் காவலா?

இதெல்லாம் நான் பல்லைக் கடித்துப் பொறுத்தது. பொறுக்க முடியாதது இந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் நடந்தது.

எனக்கு ஒரே மகன், றஞ்சித். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவனும் நானும்தான். வடமராட்சிக் கரையில் ஒரு ஊரில் வாடிக் குடில் போட்டு மீன்பிடித் தொழில் செய்தான். ஊர்ப் பெயர் வேண்டாம், இப்போது அங்கே எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் காற்றுக்கு இவனுடைய வலை போய் அந்த ஊர்க்காரரின் வலையில் சிக்கிவிட்டது. இழுத்து எடுக்கும்போது அவர்களுடைய வலை கிழிந்தது. அவர்கள் கோபத்தில் இவனுடைய படகை எஞ்சினோடு கரையேற்றி வைரவர் கோயில் வளவுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பொலிசுக்குப் போனால் வழக்கு முடியும்வரை படகு வெயிலில் காயும். அதற்குள் சோளகத் தொழிலும் முடிந்துவிடும்.

"படகு வராட்டி நான் கட்டாருக்குப் போறன் அப்பா" என்றான். சும்மா சொல்லவில்லை. கடவுச்சீட்டுக்குப் படமும் எடுத்துவிட்டான்.

"நான் போய்க் கதைக்கிறன்" என்றேன்.

"நீங்கள் வேண்டாம். மாமாவை அனுப்புவம்."

"ஏன், உனக்குத் தகப்பன் செத்துப்போனானே?"

"நீங்கள் கதைக்கப் போனாச் சண்டைதான் வரும் அப்பா" என்று மெதுவாகச் சொன்னான். கத்தியிருந்தால்கூட இவ்வளவு வலித்திராது.

அடுத்த நாள் விடியவே வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினேன். அந்த ஊர்ச் சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை என்னை மரியாதையாகத்தான் இருத்தினார். சங்கத்து ஆட்களும் வந்து சுற்றி இருந்தார்கள். அவருடைய மனைவி கனகாம்பிகை, தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். எங்கள் கரையில் ஒரு முறை உண்டு. வழக்குப் பேசப் போனால் முதலில் பனங்கட்டியைக் கடித்து ஒரு வாய் குடிக்க வேண்டும். "மனதில் கோபமில்லை, பேசலாம்" என்று அர்த்தம். நானும் கடித்தேன், குடித்தேன், வாயைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன்.

ஆழ்வாப்பிள்ளை எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "சரி ஐயா, பெரிய சந்தோசம்!" என்றார். சுற்றி இருந்தவர்களும் எழும்பிவிட்டார்கள்.

"அப்ப படகு…?" என்றேன்.

"எங்கடை கரையிலை வாய் இனிச்சாப் பிறகு வழக்குக் கதைக்கிறேல்லை ஐயா. வந்து கடிச்சியள், ராசியாப் போச்சு. படகை ஆறுதலாப் பாப்பம்."

யேசுவே! எங்கள் கரையில் பேச்சின் தொடக்கம், அவர்கள் கரையில் முடிவு. எல்லோரும் அன்பாகச் சிரித்து, ஒரு கட்டு முருங்கைக்காயும் தந்து என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். படகு எடுக்கப் போனவன் முருங்கைக்காயோடு வீட்டுக்கு வந்தேன்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை? இவரிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லோ!" என்று யசிந்தா தலையில் அடித்துக்கொண்டாள். றஞ்சித் எழும்பி வெளியே போனான். மச்சான் மட்டும் முழுக் கதையையும் கேட்டார். யார் எழும்பினார்கள், ஆழ்வாப்பிள்ளை எந்தக் கையைப் பிடித்தார் என்றெல்லாம் கேட்டார். பிறகு, "நாளைக்கு ரெண்டு பேருமாப் போவம் மச்சான். நீர் வந்து பக்கத்திலை இருந்தாப் போதும். கதைக்க வேண்டாம்" என்றார்.

என்ன திமிர் பாருங்கள்! ஆனால் போனேன். மகன் கட்டாருக்குப் போவதைவிட இது மேல்.

அங்கே போய் மச்சான் வழக்கம்போல வைரவர் கோயில் பொங்கலைப் பற்றி விசாரித்தார். தேத்தண்ணி வந்தது. தொடவில்லை. ஆறி ஆடை படர்ந்தது. ஆழ்வாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"என்ன உபதேசியார் குடிக்கிறியள் இல்லை? அண்டைக்கு உங்கடை மச்சான் குடிச்சவரெல்லோ?"

"அதுதான் ஐயா, அவர் குடிச்சாப் பிறகு நான் ஏன் குடிக்க வேணும்? அண்டைக்கே ரெண்டு ஊரும் உறவாப் போச்சு. நான் வழக்குப் பேச வரேல்லை. சொந்தக்காரர் வீட்டுக்கு வந்திருக்கிறன். வரேக்கை ஒண்டு கண்டன், சொல்லட்டே?"

"சொல்லுங்கோ."

"உங்கடை சொந்தக்காரப் பெடியன்ரை படகு வைரவர் வளவுக்கை வெயிலிலை கிடக்குது. ரோட்டாலை போறவை உங்களைப் பற்றி என்ன நினைப்பினம்? உங்கடை வலை கிழிஞ்சதும் எங்கடை வலை கிழிஞ்ச மாதிரித்தான். றஞ்சித் வந்து இஞ்சை இருந்து தன்ரை கையாலை கிழிசலைப் பொத்தித் தருவான்."

ஆழ்வாப்பிள்ளை பெடியன்களைக் கூப்பிட்டுப் படகை இறக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "உவர் லேசுப்பட்ட ஆளில்லை! ஒரு கடியிலை எங்கள் எல்லாரையும் கட்டிப்போட்டாரே!"

"மச்சான் யோசிக்காமல் ஒண்டும் செய்ய மாட்டார்" என்றார் செபநாயகம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

யோசித்து இல்லை, எங்கள் கரை வழக்கத்துக்குத்தான் கடித்தேன், என்று கத்த வேண்டும்போல இருந்தது. வெளியே பெடியன்கள் படகை வளவிலிருந்து இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன். அந்த நேரத்தில் மச்சான்மேல் இருந்த பொறாமை கொஞ்சமும் குறையவில்லை, கூடித்தான் இருந்தது. என் மடைத்தனத்தையே எடுத்துக் கெட்டித்தனமாகத் திருப்பித் தர அவரால் முடிகிறது. எனக்கு என்னுடையதைக்கூடப் பாவிக்கத் தெரியவில்லை.

ஞாயிறு பூசையில் சுவாமி, வடகரையோடு சமாதானம் செய்த மரியரட்ணத்துக்கு நன்றி என்று அறிவித்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவும் வேண்டுமா? வெளியே வந்தால் ஆளுக்கு ஆள் கையைப் பிடிக்கிறார்கள். மச்சான் ஒரு மூலையில் பிள்ளைகளின் ஞானோபதேச வகுப்புக்கு வாங்குப் பலகைகளை அடுக்கிக்கொண்டு நின்றார்.

வலை பொத்தி முடித்துவிட்டு வந்த றஞ்சித் அன்றிரவு எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டான். கடவுச்சீட்டுப் பேச்சே இல்லை.

"அப்பா, நீங்கள் முதல் போகாட்டிப் படகு வந்திராது எண்டு மாமா சொல்லுறார். மெய்யே?"

"ஓம்" என்றேன்.

"நான்தான் உங்களைப் பிழையா நினைச்சுப்போட்டன்" என்று சொல்லித் தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் கோப்பையில் வைத்தான். சின்ன வயதிலிருந்து என் பிள்ளை என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்தது கிடையாது. அந்தப் பார்வையையும் எனக்கு வாங்கித் தந்தது மச்சான்தான். இனி அந்த மனுசனை நான் எப்படி நிம்மதியாக வெறுப்பது?