சாரதாமணிக்குப் போட்ட லோக்கல்

விஜயகுமாரிக்கு மறதி என்பதே கிடையாது. எந்தப் பந்தியில் யார் என்ன சொன்னார்கள், சொன்னபோது என்ன சேலை கட்டியிருந்தார்கள் என்பது வரைக்கும் மனசில் நிற்கும். கொமரலிங்கத்தில் பிறந்து திருப்பூருக்கு வாக்கப்பட்டவள். புருசன் பிரபாகரோடு சேர்ந்து தையல் யூனிட் நடத்துகிறாள். அத்தனை மிஷின் சத்தத்தையும் மீறி அவள் குரல் கடைசி டெய்லர் வரைக்கும் போகும். அந்தக் குரல் ஒரே ஒருத்தி முன்னால்தான் அடங்கும். அவள் பிரபாகரின் அண்ணன் மனைவி, மடத்துக்குளம் சாரதாமணி.

சாரதாமணி ஒரு கெட்ட வார்த்தை பேசமாட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். காதுகுத்து, கல்யாணம் என்று சனம் கூடிய இடமாகப் பார்த்து, விஜயகுமாரியின் வயிற்றில் கை வைத்து, "எத்தனாம் மாசம் கண்ணு?" என்பாள். விஜயகுமாரிக்குக் குழந்தை இல்லை. இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் தவறிப்போனது. வயிறு மட்டும் அப்புறம் உள்ளே போகவே இல்லை. இது சாரதாமணிக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்பாள். கேட்டுவிட்டு, "அட, மறந்தே போச்சு பாரு" என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இலையைப் பார்த்துச் சாப்பிடுவார்கள்.

கணியூரில் நடந்த ஒரு காதுகுத்திலும் அதே கேள்வி வந்தது. அன்றைக்கு வீடு திரும்பிய விஜயகுமாரி செருப்பைக்கூடக் கழற்றாமல் புருசனிடம் சொன்னாள்: "உங்க அண்ணன் பொண்டாட்டிய ஒரு நாளாச்சும் அழ வெக்காம இந்தக் கட்ட வேகாதுங்க."

பிரபாகர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

முதலில் அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் செய்ய வேண்டும், வயிற்றை ஒழிக்க வேண்டும் என்று முடிவு செய்தாள். இரண்டாயிரத்து ஏழாம் வருசம். தொப்பைக் கொழுப்பைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் வந்துகொண்டிருந்த நேரம். விசாரித்துக் கோயமுத்தூரில் டாக்டர் பிரிசில்லாவிடம் போனாள். டாக்டர் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, உங்களுக்கு லோக்கல்லயே பண்ணிறலாம்" என்றார்.

அங்கேதான் வந்தது வினை. திருப்பூரில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். கப்பல் ஏறினால் எக்ஸ்போர்ட். ஓட்டை, கறை, கோணல் தையல் என்று சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கழித்துவிட, மூட்டையாக ஊருக்குள் விலை போவது லோக்கல். ஒரு மனுசனைப் பார்த்து லோக்கல் என்றால் அது வசவு.

"ஏனுங்க டாக்டர், என்னயப் பாத்தா லோக்கல் ஆளு மாதிரி தெரியுதுங்களா? மத்தவங்களுக்கெல்லாம் நல்லது போடுவீங்க, எனக்கு மட்டும் லோக்கலுங்களா?"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "எல்லாருக்குமே லோக்கல்தாங்கம்மா" என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. இங்கே நல்ல சரக்கே கிடையாது போலிருக்கிறது என்று விஜயகுமாரி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்துப் போன இடம் திருப்பூரிலேயே ஒரு ஸ்லிம்மிங் சென்டர். வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே டை கட்டிய ஆள். அவள் எதைக் கேட்க வந்திருக்கிறாளோ அதை அப்படியே எடுத்துக் கொடுத்தான். "நம்மகிட்ட லோக்கலெல்லாம் கிடையாதுங்க மேடம். முழு மயக்கம். தூங்கி எந்திரிச்சா வயிறே இருக்காது." மயக்க மருந்து கொடுக்கத் தனி டாக்டர் இருக்கிறாரா, மூச்சு நின்றால் என்ன செய்வீர்கள் என்று இவளும் கேட்கவில்லை. ஒரு டெய்லரை வேலைக்கு எடுக்கும்போது கேட்கிற கேள்விகளில் பாதிகூடக் கேட்கவில்லை.

தூங்கியது அங்கே, கண் விழித்தது வேறொரு ஆஸ்பத்திரியின் ஐசியூவில். மயக்கம் அளவுக்கு மீறிப் போய் மூச்சு இறங்கியிருக்கிறது. கவனிக்க ஆளில்லை. முகம் நீலம் பாய்ந்த பிறகுதான் அள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வயிறு குறைந்தது உண்மை. ஆனால் ஒரே மூச்சில் கண்டபடி உறிஞ்சியதில், பழைய பஞ்சு மெத்தை மாதிரி அங்கங்கே குழி விழுந்துவிட்டது. அந்தப் பாவி நாசமாய்ப் போக என்று படுக்கையிலிருந்தே சபித்தாள். எழுந்து நடக்க முடிந்ததும் புகார் கொடுத்து சென்டரை மூட வைத்தாள். அவன் பல்லடம் பக்கம் வேறு பெயரில் புதுப் பலகை மாட்டிக்கொண்டான்.

சொந்தக்காரர்களிடம் மஞ்சள்காமாலை என்று சொல்லியாயிற்று. சாரதாமணிக்கு மட்டும் உண்மை தெரியக் கூடாது. தெரிந்தால் புதுக் கேள்வி ஒன்று தயாராகிவிடும்.

குழியைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்க, வெட்கத்தை விட்டு மறுபடியும் டாக்டர் பிரிசில்லாவிடம்தான் போனாள். அவர் திட்டவில்லை. ஓரளவு நிரவிவிடலாம், அதையும் லோக்கலிலேயே என்றார். இந்தத் தடவை பொறுமையாகச் சொன்னார். லோக்கல் என்றால் அந்த இடம் மட்டும் மரத்துப்போவது. மருந்து கலந்த உப்புத் தண்ணீரைத் தோலுக்கடியில் நிறைய ஏற்றுவார்கள். ரத்தமும் அதிகம் போகாது. மருந்துக்கும் அளவுண்டு, எடுக்கிற கொழுப்புக்கும் அளவுண்டு. எடையைக் குறைக்க இது வழியில்லை, உருவத்தைச் சீராக்கத்தான். பெரும்பாலும் அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். ஓரிரு நாள் தையல் வாயில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசியும், பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் இறுக்கமான பெல்ட் போட வேண்டும்.

"உறிஞ்சற நேரத்துல நான் என்னங்க பண்ணிட்டிருப்பேன்?"

"முழிச்சுத்தாங்கம்மா இருப்பீங்க. பேசலாம். நாங்க பேசறது எல்லாம் காதுல விழும். எந்திரிச்சு ஓடத்தான் முடியாது" என்று டாக்டர் சிரித்தார்.

விஜயகுமாரியும் சிரித்தாள்.

அந்தத் தை மாதம் சாரதாமணியே இவள் வீடு தேடி வந்தாள், கையில் தேங்காய்பன் பொட்டலத்தோடு. மகன் முகிலனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தியம்மா கொடி மாதிரி இருந்தாளாம். மேடையில் அவள் பக்கத்தில் நிற்பதை நினைத்தாலே சாரதாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

"காமாலைல வயிறு மட்டுமா கண்ணு எளைக்கும்? என்னமோ பண்ணியிருக்கற. எங்கன்னு எனக்கும் சொல்லேன். உன்ற அக்கா மாதிரி கேக்கறேன்."

பல்லடம் என்ற சொல் விஜயகுமாரியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பொய்கூடச் சொல்ல வேண்டாம். அதே ஆள், அதே டை. போய் மல்லாந்து படுத்துக்கொள்ளட்டும், மகராசி. இத்தனை வருசம் காத்திருந்ததற்குத் தானாக வந்து வாசலில் நிற்கிறது. உடம்பெல்லாம் ஒரு சந்தோசம் ஓடியது.

ஆனால் அடுத்த நொடியே அது சப்பென்று ஆகிவிட்டது. அங்கே போனால் இவளைத் தூங்கப் போட்டுவிடுவார்கள். தூங்குகிறவளுக்கு என்ன தெரியும்? செத்தே போனாலும் அத்தனை பேரும் நல்லவள் என்று சொல்லித்தான் எடுப்பார்கள். கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே போய்ச் சேருவாள். அப்படி விட்டுவிட முடியாது. இவள் உயிரோடு இருக்க வேண்டும், முழித்திருக்க வேண்டும், எழுந்து ஓடக் கூடாது.

"கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா இருக்கறாங்கக்கா. லோக்கல்லதான் பண்ணுவாங்க."

சாரதாமணியின் முகம் சுருங்கியது. "ஏன், எனக்கு லோக்கலா?"

"எக்ஸ்போர்ட்ட விட ஒசத்திங்கக்கா. நான் கூடவே வர்றேன்."

சொன்னபடியே கூடவே போனாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது, சர்க்கரை மாத்திரையைச் சொன்ன சாரதாமணி, நெஞ்சுக்குச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் முழுங்கிவிட்டாள். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவார்களோ என்று பயம். விஜயகுமாரிதான் போட்டு உடைத்தாள். "ரத்தம் ஒறையாம இருக்கறதுக்கு ஒண்ணு போடறாங்க. அதயும் எழுதிக்கோங்க." டாக்டர் இருதய டாக்டரைக் கேட்டு, அவர் சரி என்ற பிறகே நாள் குறித்தார். சாரதாமணி கண் கலங்கிப்போனாள். "கூடப் பொறந்தவகூட இத்தன பாக்கமாட்டா கண்ணு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்கக்கா" என்றாள் விஜயகுமாரி. அது சத்தியமான வார்த்தை.

அன்றைக்குக் காலையில் சாரதாமணி மேசையில் ஏறிப் படுத்ததும் நடுங்க ஆரம்பித்தாள். விஜயா பக்கத்தில் இல்லாமல் முடியாது என்று அடம்பிடித்ததால், பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டித் தலைமாட்டில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். மருந்துத் தண்ணீர் ஏறி வயிறு மரத்தது. இடுப்புக்குக் குறுக்கே திரை கட்டினார்கள். உறிஞ்சும் மிஷின் கரகரவென்று ஓடத் தொடங்கியது. சாரதாமணி இவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

விஜயகுமாரி குனிந்து அவள் காதோரம் பேச ஆரம்பித்தாள். பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி அத்தனை மெதுவாகப் பேசினாள். தைரியம் சொல்கிறாள் என்றுதான் நர்ஸ் நினைத்திருப்பாள்.

"கேட்டுட்டே இருப்பீங்கல்லங்கக்கா, எத்தனாம் மாசம்னு. இன்னைக்குச் சொல்றேன். மொதல்ல போனது அஞ்சாம் மாசமுங்க. பாத்ரூம்லயே போயிருச்சு. தண்ணி ஊத்திக் கழுவிட்டது நானேதான். ரெண்டாவது ஏழாம் மாசம். பொண்ணு. தல நெறய முடி. என்ற கையில குடுத்தாங்க, சூடு இருந்துச்சு. அதுக்கடுத்த மாசம் உங்க வீட்டுல விசேஷம் வெச்சீங்க பாருங்க, அன்னைக்கு எனக்கு இன்னும் பால் நிக்கல. ரவிக்கைக்குள்ள துணி மடிச்சு வெச்சுட்டு வந்தேன். அன்னைக்கும் கேட்டீங்க. வயித்துல கைய வெச்சு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

சாரதாமணி கையை உருவப் பார்த்தாள். விஜயகுமாரி விடவில்லை. சாரதாமணி முகத்தைத் திருப்பினாள், திருப்பிய பக்கம் சுவர். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு விசேஷமாக, ஊர் பேரோடு, கட்டியிருந்த சேலையோடு, ஒன்று விடாமல் விஜயகுமாரி சொன்னாள். எத்தனை வருசத்துப் பாரம். சொல்லச் சொல்ல நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

சாரதாமணியின் இரண்டு கடைக்கண்ணிலிருந்தும் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. மூச்சு விம்மி வயிறு அசைந்தது. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் கையை நிறுத்தினார். மிஷின் அடங்கியது.

"என்னங்கம்மா, வலிக்குதுங்களா?"

சாரதாமணி விஜயகுமாரியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேற்கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

"மருந்து போட்ட எடத்துல வலிக்கலீங்க."