பன்னிரண்டு கிலோவில் ஒரு பிடி

1994 ஜூலை 3, ஞாயிறு, காலை பதினொன்று நாற்பது. மைசூரில் தூறல், குடையை விரித்தால் நிற்கும், மடக்கினால் தொடங்கும். தமிழ் ஆராதனை முடிந்து, கோயிலின் பக்க அறையில் கைப்பிடி அரிசியின் எடையை எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து டின்னில் போடுவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு டின்கள் கோயிலுக்கு வரும். அந்த மாதம்தான் எழுதும் வேலை எனக்கு வந்தது.

தராசு பிடித்தவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். "உங்க வீட்டு டின்னு சார். நல்லா தட்டிக்குங்க, ஒரு அரிசி ஒட்டிக்கிட்டாலும் உங்களுக்குத் தூக்கம் வராது."

ஒரு கிலோ இருநூறு. என் பெயருக்கு நேரே எழுதினேன். எழுதிய பிறகு ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் நானும் மனைவியும்தான். ஒன்றாம் தேதி தேவராஜா மார்க்கெட்டில் பன்னிரண்டு கிலோ வாங்குவேன். தினமும் இரண்டு டம்ளர், நானே அளந்து கொடுப்பேன். ஆளுக்கு ஒன்று. அன்றைய பிரசங்கம் போதுமென்ற மனதைப் பற்றியது. போதகர் என்னைத்தான் சொல்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு டம்ளரில் தினம் ஒரு பிடி போனால் சோறு குறையவேண்டும். என் தட்டில் ஒரு நாளும் குறைந்ததில்லையே?

வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று பார்த்தேன். அவள் ஒரு பிடி எடுத்தாள், கண்ணை மூடித் திறந்தாள், டின்னில் போட்டாள். மிச்சத்தை உலையில் இட்டாள். நான் சாப்பிட்டேன், என் சோறு வழக்கம்போல் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

"என்னங்க, கை காயுது, எழுந்திரிக்கலயா?"

"நீ சாப்பிடு. பாக்கணும்."

"பாக்க என்ன, சினிமாவா?"

கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எப்போதும் எனக்குப் பிறகுதான் சாப்பிடுவாள். அவள் தட்டில் என்னுடையதைவிடக் குறைவாகவே சோறு விழுந்தது.

"அந்தப் பிடி உன் சோத்துலேருந்தா போகுது?"

"பின்ன? உங்களுக்கு ஒரு கரண்டி கொறஞ்சா டம்ளரை எடுத்து மறுபடி அளப்பீங்க. ஹோகலி, போகட்டும் விடுங்க, எனக்குப் போதும்."

"ரெஜிஸ்டர்ல என் பேர்ல எழுதியிருக்கேனே."

"எழுதிக்குங்க. யாரு வேணாம்னா?"

மாதம் ஒரு கிலோ இருநூறு கூடுதலாக வாங்குவதாகச் சொன்னேன். ஒன்பது ரூபாய் வீதம், பத்து ரூபாய் எண்பது காசு.

"அப்ப டின்னைக் கடைக்காரர்கிட்டயே குடுத்துடுங்க. நம்ம வாயிலேருந்து போனாத்தான் காணிக்கை."

"நாளைலேருந்து பிடி என் பங்குல" என்றேன்.

திங்களன்று என் கையால் எடுத்துப் போட்டேன். நாலு மணிக்கு வயிறு இரைந்தது. இத்தனை வருடம் இந்த நாலு மணியை அவள் எப்படிக் கடந்தாள் என்று யோசித்துக்கொண்டே தெருமுனை பேக்கரிக்கு நடந்து, நின்றபடியே வெங்காயம் போட்ட ஒரு காரா பன் தின்றேன். இரண்டு ரூபாய். ஆறு நாள் அப்படி. சனிக்கிழமை அவள் என் சட்டையிலிருந்து ஒரு துணுக்கு வெங்காயத்தை எடுத்துக் காட்டினாள்.

"தனியா தின்னா செரிக்குதா?"

ஞாயிறன்று இரண்டாக வாங்கி வந்தேன். அவள் எனக்கு முன்பே தின்று முடித்தாள்.

"போதும்னு சொன்னியே?"

"போதும்னுதான் சொன்னேன். பசிக்கலைன்னா சொன்னேன்?"

அந்த மாதம் நாலாம் தேதி தொடங்கி ஆறு நாள் ஒவ்வொன்று, பிறகு இருபத்திரண்டு நாள் இரண்டிரண்டு. ஐம்பது பன், நூறு ரூபாய்.