மாற்று ஆட்டக்காரர் இல்லாத கியூபா

எங்கள் கோயில் விழாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து நாலு பேர் கொண்ட மேளச் செட் ஒன்று வந்திருந்தது. தங்கியது கனடாவின் விட்பி நகரில், என் வீட்டில். எல்லாரையும் திருப்பி விமானம் ஏற்றுவேன் என்று பொறுப்பேற்றவனும் நான்தான். அவர்களில் இளையவனான தவில்காரன் குகன் ஓர் உதைபந்தாட்டப் பைத்தியம். பயணத்துக்கு முதல்நாள், ஒக்ரோபர் மாத வெள்ளிக்கிழமை, கனடா–கியூபா உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டம் காட்ட அவனை அழைத்துப் போனேன்.

விட்பியிலிருந்து யூனியன் ரயில் நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கே மாறி ஏறினால் ஏழு நிமிடத்தில் மைதானத்தடி. ரிக்கற் ஆளுக்கு முப்பது டொலர். வழியெல்லாம் என் வாய் ஓயவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே உலகக் கிண்ணக் காலிறுதி பார்த்த கரிபியன் அணி, லேசாக நினைக்காதே என்று வகுப்பெடுத்தேன்.

அணிகள் இறங்கியபோது திகைத்துப் போனேன். கியூபாவின் வாங்கில் மாற்று ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லை! ஒரு நாட்டின் தேசிய அணி, வெறும் பதினொரு பேர்!

"மிச்சப்பேர் எங்கையண்ணை?" என்றான் குகன்.

பக்கத்து இருக்கையில் இருந்த மல்வேர்ன் பகுதித் தமிழர் ஒருவர் முந்திக்கொண்டார். "ஓடி மாறியிட்டாங்கள் தம்பி. உவங்கள் இஞ்சாலப் பக்கம் விளையாட வந்தால் ரெண்டு மூண்டு பேர் திரும்பிப் போறேல்லை. நானும் உப்பிடி நிண்ட ஆள்தான்."

களைத்து விழுந்தவர்கள் தாங்களே எழும்பி ஓடினார்கள். மூன்றுக்குப் பூச்சியம் என்று கனடா வென்றது. எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. குகன் கியூபாவின் வெறும் வாங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், மிஞ்சிய பதினொரு பேருக்காக இரங்குகிறான் என்று நினைத்தேன், என் புத்தியைப் பாருங்கள்!

யூனியனில் ரயில் மாறத் திரும்பினால், ஆளைக் காணோம். கூப்பிட்டுப் பார்த்தேன். போனையும் நிறுத்திவிட்டான். இனி எங்கள் கோயில் கூப்பிட்டால் யாருக்கு விசா கிடைக்கும்? அதைவிட, செட்டின் தலைவரான அவனுடைய அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். காரை வீட்டில் விடுங்கள், ரயில்தான் வசதி. மைதானம் ஏரிக்கரையில், காற்றுக்குத் தடித்த உடுப்பு வேண்டும். விருந்தாளியைக் கூட்டிப்போனால், அவர் எதைப் பார்க்கிறார் என்பதிலும் ஒரு கண் இருக்கட்டும்.

அன்றிரவு வீட்டில் ஆளைத் தொலைத்த கதையைச் சொன்னதும் அண்ணன்காரர், விடிய எழும்பவேணும் என்று படுக்கப் போய்விட்டார். மறுநாள் விமான நிலையத்தில் மூன்று பேர்தான் வரிசையில் நின்றார்கள். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்க முதல், அண்ணன்காரர் என் கையைப் பிடித்தார்.

"தம்பியின்ர தவிலை உங்கட பேஸ்மென்ற்றில விட்டிட்டன் அண்ணை. வந்து கேட்பான், குடுத்துவிடுங்கோ."